ஒண்ணரை ஷிப்ட் ஓடுமா?

எங்கள் வீட்டில் யார் என்ன உலகச் செய்தி சொன்னாலும் அம்மா முதலில் கேட்பது ஒன்றுதான். "அதனால நமக்கு ஒண்ணரை ஷிப்ட் ஓடுமா, ஓடாதா?"

திருப்பூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். ஆர்டர் இருந்தால் இரவு எட்டரை வரை இழுப்பார்கள், அது ஒன்றரை ஷிப்ட். அம்மா ஓவர்லாக் டைலர், துணி ஓரங்களைச் சேர்த்துத் தைப்பவள். ஒரு ஷிப்டுக்கு 480 ரூபாய். ஆறு நாளும் ஒன்றரை ஓடினால் சனிக்கிழமை சாயங்காலம் கையில் 4,320 ரூபாய். ஆர்டர் இல்லாத வாரங்களில் ஐந்தரைக்கே மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்கள், அதுவும் நான்கு நாள்தான் வேலை இருக்கும். அப்போது 1,920. வீட்டு வாடகை, ஏலச்சீட்டு, மளிகைக் கடை பாக்கி, தம்பியின் கல்லூரிக் கட்டணம் எல்லாமே 4,320-க்கும் 1,920-க்கும் நடுவில்தான் நடக்கின்றன.

கல்லூரி படிக்கும்போது இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கோ ஜனங்கள் சாகிறார்கள், இவள் ஷிப்டைப் பற்றிக் கேட்கிறாளே என்று. இப்போது எனக்கு 24 வயது. மூன்று வருடமாக ஓர் எக்ஸ்போர்ட் ஆபீஸில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் போடும் வேலை. காலையில் கண் விழித்ததும் டாலர் என்ன விலை, கப்பல் எங்கே நிற்கிறது, எந்த நாட்டில் என்ன பிரச்சினை என்று போனில் பார்க்கிறேன். அம்மா கேட்கும் அதே கேள்வியைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது புரிய இவ்வளவு நாள் ஆனது.

2025 ஆகஸ்ட் 27 புதன்கிழமை. அன்று விநாயகர் சதுர்த்தி, எல்லாருக்கும் லீவு. அம்மா கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அப்பா குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினார். சரியாக ஒன்பதரை மணிக்கு அமெரிக்காவில் இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி அமலுக்கு வந்தது. அங்கே அப்போது நள்ளிரவு.

ஆகஸ்ட் 7-ஆம் தேதியே 25 சதவீதம் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் இன்னொரு 25. "சும்மா சதவீதம் சதவீதம்னு சொன்னா எனக்கு என்ன தெரியும், ஒரு பீஸுக்குச் சொல்லு" என்றாள் அம்மா. சொன்னேன். நம் ஊரில் இருந்து ஒரு டி-ஷர்ட் 4 டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொள். பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே 16.5 சதவீத வரி உண்டு, அது 66 சென்ட். இப்போது புது வரி 2 டாலர். அங்கே போய் இறங்கும்போது 6 டாலர் 66 சென்ட். அதே டி-ஷர்ட்டைப் பங்களாதேஷில் தைத்தால், அவர்களுக்குப் புது வரி 20 சதவீதம்தான், 5 டாலர் 46 சென்டில் முடிந்துவிடும். ஒரு பீஸுக்கு 1 டாலர் 20 சென்ட் வித்தியாசம். நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல்.

அம்மா மாவுக் கையோடு கொஞ்ச நேரம் யோசித்தாள். ஒரு டி-ஷர்ட்டுக்கு ஷோல்டர், கை, சைடு என்று முழுக்க ஓவர்லாக் அடித்தாலும் டைலர் கூலி அந்த நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் கூட வராது. இது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"எதுக்கு இவ்வளவு வரியாம்?"

"ரெண்டாவது 25, நாம ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்குறதுக்காம்."

"நாம எங்க வாங்கினோம்? நமக்கு ரேஷன் பாமாயில்தானே."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எண்ணெய் என்றால் அவளுக்குச் சமையல் எண்ணெய். கச்சா எண்ணெய் என்று நான் திருத்தினேன். ஆனால் எங்கள் வீட்டில் எண்ணெயும் ரஷ்யாவும் முன்பே ஒருமுறை சந்தித்திருக்கின்றன. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போனது. இந்தியாவுக்கு வந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. சரி, பாமாயில் வாங்குவோம் என்று பார்த்தால் ஏப்ரல் 28-ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தியது, மே 23 வரை. ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைத்த அந்த ஒரு லிட்டரை வைத்துத்தான் ஒரு மாதம் ஓட்டினோம். வடை, அப்பளம் எல்லாம் நின்றுபோனது. அதே மே மாதம் நூல் விலை ஏற்றத்தைக் கண்டித்து இரண்டு நாள் திருப்பூரே மூடிக் கிடந்தது. நான் அப்போது கல்லூரிக் கடைசி செமஸ்டரில் இருந்தேன்.

அந்தப் போர்தான் மூன்றரை வருடம் சுற்றி, ரஷ்யக் கச்சா எண்ணெய் வழியாக, பெரிச்சிபாளையத்தில் அம்மா உட்காரும் மிஷினுக்கு மறுபடியும் வந்து நின்றது.

திருப்பூரில் இருந்து ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை வெளிநாடு போகிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. வரியைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர். ஆனால் அவர் அடுத்த நிமிடமே நமக்கு மெயில் போட்டு விலையில் கழிவு கேட்பார். கொடுக்க முடியாது என்றால் ஆர்டரை 'ஹோல்டு' என்பார். அந்த ஒரு சொல்லைச் செப்டம்பர் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டிங் முடிந்த துணி கட்டுக் கட்டாகக் கிடக்கிறது, தைக்க உத்தரவு இல்லை. அம்மாவின் லைனில் ஒடிசாவில் இருந்து வந்த பெண்கள் ஆறு பேர் இருந்தார்கள். வழக்கமாகப் பண்டிகைக்குத்தான் ஊருக்குப் போவார்கள். இந்த முறை செப்டம்பர் இரண்டாவது வாரமே நான்கு பேர் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் ஒரு பெண் போகும்போது தன்னுடைய நூல் வெட்டும் கத்தரியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்ப வந்து வாங்கிக்கொள்கிறேன் அக்கா என்று. அது எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது.

*

நான் உலக வரைபடத்தைக் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, காலண்டர் தாளின் பின்பக்கத்தில்.

2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டது. 23-ஆம் தேதி சிக்கியது, 29-ஆம் தேதிதான் விடுவித்தார்கள். அந்த வாரம் அம்மா வேலை செய்த, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டின் ஓனர், கப்பல் மாட்டிக்கிச்சு, பார்ட்டிகிட்ட இருந்து பணம் வரலை, பாதிச் சம்பளம்தான் என்று சொல்லியிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து, "சூயஸ்னா என்ன பாப்பா?" என்றாள்.

தினசரிக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு வரைந்தேன். நம் பெட்டி லாரியில் தூத்துக்குடி போகும். அங்கே சின்னக் கப்பலில் ஏற்றிக் கொழும்பு. கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும். அரபிக்கடல், செங்கடல், அப்புறம் சூயஸ், மத்தியதரைக் கடல், ஸ்பெயினைச் சுற்றி மேலே ஏறினால் ராட்டர்டாம், ஹாம்பர்க், இங்கிலாந்து. சிக்கிய கப்பலின் நீளம் 400 மீட்டர் என்றேன். நம் தெரு முனையில் இருந்து பேக்கரி வரைக்குமா என்றாள். ஏறக்குறைய அவ்வளவுதான். எங்கள் ஊரில் டீக்கடைக்குப் பெயர் பேக்கரி. அன்று சாயங்காலம் டீ வாங்கப் போனபோது, தெரு முனையில் இருந்து பேக்கரி வரை அந்தக் கப்பல் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டே நடந்தேன்.

அந்தத் தாளை அம்மா மிஷின் டேபிள் டிராயரில் வைத்திருந்தாள். பக்கத்து மிஷின்காரர்களுக்கு எடுத்துக் காட்டி விளக்கியிருக்கிறாள்.

2023 நவம்பரில் அதே பாதையில் மறுபடியும் சிக்கல். செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். 19-ஆம் தேதி ஹெலிகாப்டரில் இறங்கி ஒரு கப்பலையே பிடித்துக்கொண்டு போனதை வீடியோவில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பத்து நாள், இரண்டு வாரம் கூடுதல். கன்டெய்னர் வாடகை ஏறியது. கோடைக்கால சரக்கு கோடைக்கு முன்னால் கடைக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்பு என்பார்கள். விமானத்தில் அனுப்பினால் அந்த ஆர்டரில் கிடைத்த லாபம் எல்லாம் ஆகாயத்தோடு போய்விடும். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். தினமும் காலையில் கப்பல்களின் இருப்பிடத்தைப் பார்த்து ஒரு அட்டவணையில் எழுதுவது என் பொறுப்பு. கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆப்பிரிக்கக் கரையோரம் தெற்கே இறங்குவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

செங்கடலின் தெற்கு வாசலுக்கு பாப் அல் மந்தேப் என்று பெயர். அரபியில் கண்ணீரின் வாசல் என்று பொருள். அந்தப் பெயரைத் தேடிப் போய்த்தான் ஏமனைப் பற்றிப் படித்தேன். 2014-இல் தொடங்கிய போர். 2021 முடிவதற்குள் 3,77,000 பேர் இறந்திருப்பார்கள் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குண்டு பட்டு இறந்தவர்கள் இல்லை. பசி, நல்ல தண்ணீர் இல்லாமை, வைத்தியம் இல்லாமை. பெரும்பாலும் சின்னக் குழந்தைகள்.

இத்தனை வருடம் இது எதுவுமே எனக்குத் தெரியாது. என் கன்டெய்னர் பன்னிரண்டு நாள் தாமதமான பிறகுதான் ஏமன் என்று ஒரு நாடு என் மனதுக்குள் வந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

*

வங்கதேசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

உலகத்தில் சீனாவுக்கு அடுத்தபடி அதிகமாக ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்வது அவர்கள்தான். திருப்பூரில் பங்களாதேஷ் என்ற சொல் ஒரு நாட்டின் பெயரே இல்லை. அது விலை. "பங்களாதேஷ் ரேட்டுக்குத் தர முடியுமா?" என்றுதான் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் கேட்பார். நம்முடைய ஒவ்வொரு விலைப்பட்டியலுக்கும் எதிரே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பட்டியலாக அந்த நாடு உட்கார்ந்திருக்கும்.

2024 ஜூலையில் டாக்காவில் மாணவர்கள் போராட்டம் பெரிதானது. வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீட்டை எதிர்த்து ஆரம்பித்தது. 18-ஆம் தேதி இணையத்தையே துண்டித்தார்கள். அங்கே உள்ள தொழிற்சாலைகளோடு பையர்களால் பேசக்கூட முடியவில்லை. ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டை விட்டு வெளியேறினார். அன்றைக்கு எங்கள் ஆபீஸில் ஒரு பண்டிகை மாதிரி இருந்தது. இனி ஆர்டர் எல்லாம் இங்கேதான் என்று எல்லாரும் பேசினார்கள். அப்பா பேக்கரியில் கேட்டுவிட்டு வந்து, "அவன் கதை முடிஞ்சுது, இனி நமக்கு ராத்திரி பகலா ஓடும்" என்றார். அப்பா அயர்ன் மாஸ்டர், பீஸ் கணக்கில் கூலி. வேலை அதிகமானால் அவருக்குத் தோள் வலியும் அதிகம், ஆனாலும் சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். அன்று இரவு நோட்டில் கணக்குப் போட்டது ஞாபகம் இருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் தீபாவளி வரை ஓடினால் சீட்டுப் பணம் கட்டி முடித்துவிடலாம்.

படுத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். சாலை முழுக்கச் செருப்புகள். ஜோடி ஜோடியாக இல்லை, ஒற்றை ஒற்றையாக. ஓடும்போது விட்டவை. பிறகு ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அந்த ஒன்றரை மாதத்தில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று சொன்னது. அவர்களில் பலர் என் வயதுப் பிள்ளைகள், என் தம்பி வயதுப் பிள்ளைகள். அந்த நோட்டை எடுத்துக் கணக்கை அடித்துவிடலாமா என்று தோன்றியது. அடித்து என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம்தான் ராணா பிளாசாவைப் பற்றி முழுதாகப் படித்தேன். பெயர் தெரியும், ஆபீஸில் 'கம்ப்ளையன்ஸ்' ஆடிட் வரும்போதெல்லாம் சொல்வார்கள். கட்டட உறுதிச் சான்றிதழ், தீயணைப்புக் கருவி, அவசர வழி என்று இன்று ஒவ்வொரு கம்பெனியிலும் கேட்கும் காகிதங்களில் பாதிக்குப் பின்னால் அந்தக் கட்டடம் இருக்கிறது.

2013 ஏப்ரல் 24. டாக்காவுக்குப் பக்கத்தில் சாவர். எட்டு மாடிக் கட்டடம், அதில் ஐந்து பனியன் கம்பெனிகள் மாதிரியான ஆடைத் தொழிற்சாலைகள். முதல் நாளே சுவரில் பெரிய விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடினார்கள். தையல்காரர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் மாதச் சம்பளம் கிடைக்காது என்றும் சிலரிடம் சொல்லியிருக்கிறார்கள். காலையில் மின்சாரம் போனது. மாடியில் இருந்த ஜெனரேட்டர்களைப் போட்டார்கள். ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் கட்டடம் அப்படியே கீழே இறங்கிவிட்டது. 1,134 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் கேட்டாள்: "டீக்கு முன்னாடியா, அப்புறமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "ஒன்பது மணிக்கு முன்னாடின்னா டீ விட்டிருக்க மாட்டாங்க. எல்லாரும் உள்ளேதான் இருந்திருப்பாங்க" என்றாள். அப்புறம் சொன்னாள், மேல் மாடி யூனிட்டில் வேலை செய்தபோது கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டால் தரை அதிர்வது மிதியில் வைத்த காலுக்குத் தெரியுமாம். மிஷின் அதிர்வு வேறு, தரை அதிர்வு வேறு. அந்தப் பெண்களுக்கும் கடைசியாக அது காலில்தான் தெரிந்திருக்கும் என்றாள். அதற்கு மேல் அன்று அவள் ஒன்றும் பேசவில்லை.

ஏன் அந்த நாளே வரச் சொன்னார்கள்? ஷிப்மென்ட் தேதி. இது எனக்கு எந்தக் கட்டுரையும் சொல்லித் தர வேண்டியதில்லை. தினமும் மாலை நான் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு போன் செய்கிறேன். "அண்ணா, எப்படியாவது இன்னைக்கு நைட்டு பீஸ் வந்துரணும், நாளைக்குக் கன்டெய்னர் லோடு ஆகுது." அந்த 'எப்படியாவது' என்ற சொல் போன வழியில் போனால் கடைசியில் யாரோ ஒரு பெண்ணின் மிதியில் போய் முடிகிறது. இப்போதெல்லாம் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறேன். வேலை அதே வேலைதான், தேதி அதே தேதிதான். ஆனாலும் அந்தச் சொல் வாயில் வர மறுக்கிறது.

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்கா முதல் வரிப் பட்டியலை அறிவித்தபோது மறுபடி அதே காட்சி. இந்தியாவுக்கு 26, வங்கதேசத்துக்கு 37, இலங்கைக்கு 44, வியட்நாமுக்கு 46. பேக்கரியில் மறுபடி அதே பேச்சு. அப்பா உற்சாகமாக வந்து சொன்னார். அம்மா சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே, "அவங்களுக்கு அவ்வளவு போட்டா அங்க எத்தனை மிஷின் நிக்கும்?" என்று கேட்டாள். ஒன்றரை ஷிப்ட் கேள்வியை அவள் அன்றும் கேட்டாள். ஆனால் இரண்டாவதாகக் கேட்டாள்.

ஐந்து மாதத்தில் பட்டியல் தலைகீழானது. ஆகஸ்ட் கடைசியில் அங்கே யாரோ ஒரு அயர்ன் மாஸ்டர் டீக்கடையில் இருந்து வீட்டுக்கு வந்து, இந்தியாக்காரன் கதை முடிஞ்சுது என்று சொல்லியிருப்பார். அவர் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி நோட்டில் கணக்குப் போட்டிருப்பாள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

*

ஒன்றே ஒரு செய்திக்கு மட்டும் அம்மா ஷிப்ட் கேள்வியைக் கேட்டதே இல்லை.

எங்கள் ஆபீஸில் குழந்தைகள் உடைதான் அதிகம். ஐரோப்பாவுக்குப் போகும் குழந்தைகள் உடையில் அளவு எண் என்பது குழந்தையின் உயரம். 92 என்றால் 92 சென்டிமீட்டர், இரண்டு வயது போல. 98, 104, 110, 116 என்று ஆறாறு சென்டிமீட்டராக ஏறும். ஆறு வயதுக்கு 116. மூன்று வருடமாக இந்த எண்களோடேயே இருப்பதால் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் என் கண் தானாக அளவு சொல்லிவிடும். பஸ்ஸில், கல்யாண வீட்டில், எங்கே பார்த்தாலும். இது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது.

காசாவில் இருந்து வந்த ஒரு வீடியோவில் ஒருவர் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். பையன் முழுக்கச் சாம்பல் நிறப் புழுதி. டி-ஷர்ட்டில் ஏதோ படம் அச்சடித்திருக்கிறது, என்ன படம் என்று தெரியவில்லை. பார்த்த நொடியில் என் மனது சொன்னது, 104. நான்கு வயது.

போனைக் கவிழ்த்து வைத்தேன். அம்மா என்ன என்று கேட்டு வாங்கிப் பார்த்தாள். இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். அவள் கண்ணும் தைக்கிறவளின் கண்தானே. "முன்பக்கம் துணி கிழிஞ்சிருக்கு, ஷோல்டர் தையல் பிரியல பாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு தைச்சதோ" என்றாள்.

மறுநாள் ஆபீஸில் பேக்கிங் லிஸ்டில் 104 என்று டைப் செய்ய வேண்டியிருந்தது. ஒரு பெட்டிக்கு 24 பீஸ், மொத்தம் நாற்பது பெட்டி. வழக்கமாக அந்த வேலைக்குப் பத்து நிமிடம். அன்று முக்கால் மணி நேரம் ஆனது.

2025 அக்டோபர் 10 அன்று அங்கே போர் நிறுத்தம் அமலுக்கு வந்ததை நான்தான் வீட்டில் சொன்னேன். இரவு எட்டு மணி. அம்மா வீட்டில்தான் இருந்தாள், ஏனென்றால் அன்று ஒரு ஷிப்ட்தான். "நிக்குமா?" என்று மட்டும் கேட்டாள். அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஷிப்டைக் கேட்கவில்லை.

*

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. காதர்பேட்டைப் பக்கம் போய்த் தம்பிக்கு இரண்டு டி-ஷர்ட் எடுத்துவிட்டு வந்தோம். ஏற்றுமதியில் ஒதுக்கிய செகண்ட்ஸ் சரக்கு, ஒன்றில் கழுத்துப் பட்டி லேசாக இழுத்திருந்தது. அம்மா கடையிலேயே புரட்டிப் பார்த்து, இதை நான் சரி பண்ணிருவேன் என்று விலை குறைத்து வாங்கினாள். போனஸ் வந்திருந்தது, போன வருடத்தைவிடக் குறைவு. வேலை செய்த நாள் குறைவு என்பதால் கணக்கு அப்படித்தான் வரும்.

வீட்டுக்கு வந்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, அந்தக் கழுத்துப் பட்டியின் தையலை ஊசி முனையால் ஒவ்வொரு கண்ணாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஓவர்லாக் தையலைப் பிரிக்க ஒரு முறை இருக்கிறது. ஊசி நூல் எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் இழுத்துவிட்டால் மற்ற நூல்கள் தானாக உதிர்ந்துவிடும். தவறான நூலை இழுத்தால் துணியே சுருங்கிப்போகும். அம்மா பார்க்காமலே சரியான நூலைப் பிடிப்பாள்.

"பாப்பா, பங்களாதேஷ்ல இப்ப ஆர்டர் நல்லா ஓடுதாமா?"

"ஓடுதுன்னுதான் சொல்றாங்க."

"அவங்களுக்கு என்ன சம்பளம்?"

2023 டிசம்பரில் இருந்து குறைந்தபட்சம் மாதம் 12,500 டாக்கா. 23,000 கேட்டுப் போராடினார்கள், அவ்வளவுதான் கிடைத்தது. நம் பணத்துக்கு மாற்றினால் ஒன்பதாயிரம் ரூபாய் வரும் என்றேன். அம்மா மனதுக்குள் நான்கால் வகுத்தாள். அவள் எதையும் வாரக் கணக்கில்தான் புரிந்துகொள்வாள்.

"ரெண்டாயிரத்து சொச்சம். நம்ம நாலு நாள் வேலை வாரம் மாதிரி."

"ம்."

"சனிக்கிழமைதான் கொடுப்பாங்களா?"

"இல்லம்மா, அங்க வெள்ளிக்கிழமை லீவு. சம்பளம் மாசத்துக்கு ஒரு தடவைதான்."

ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மாசத்துக்கு ஒரு தடவையா? அப்ப நடுவுல பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே, "பக்கத்து மிஷின்காரிகிட்ட கைமாத்து வாங்குவாங்க" என்று சொல்லிவிட்டு, பிரித்த பட்டியைத் தொடையில் வைத்து நீவிவிட்டு, அந்த ஒடிசாப் பெண் கொடுத்துவிட்டுப் போன கத்தரியை எடுத்துத் தரச் சொன்னாள்.